இயற்கணிதமும் வடிவியலும்: வீட்டுப்பாடக் கணக்குகளை வரிசையாகப் போடும் முறை

கணக்கில் தடுமாறும் பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். சூத்திரம் தெரியாமல் தப்பியவை கொஞ்சம்தான். இரண்டு மூன்று வேலைகளை ஒரே வரியில் செய்யப் போய்த் தப்பியவைதான் அதிகம். அடைப்புக்குறியைப் பிரிப்பது, உறுப்பைப் பக்கம் மாற்றுவது, கூட்டுவது எல்லாம் ஒரே மூச்சில் நடந்திருக்கும். நடுவில் ஒரு கழித்தல் குறி காணாமல் போயிருக்கும். வடிவியலில் படத்தைப் பார்த்ததுமே ‘இது செங்கோணம்’ என்று எழுதியிருப்பார்கள்; எப்படி என்று கேட்டால் பதில் வராது.

அதனால் கீழே வருவது எல்லாமே ஒரு விதியை ஒட்டித்தான்: ஒரு வரியில் ஒரு வேலை, அந்த வேலைக்கு ஒரு காரணம். தெரியாத எண்ணை ய, ர என்றும், புள்ளிகளை க, ச, த, ப, ம என்றும் இங்கே எழுதுகிறேன். நோட்டில் உங்கள் பாடப்புத்தகம் பயன்படுத்தும் எழுத்துகளையே போடுங்கள்.

1. தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

குறியெண் கணக்கும் பின்னமும் தடங்கலில்லாமல் வர வேண்டும். இவை ஆடினால் சமன்பாடு எவ்வளவு புரிந்தாலும் விடை வராது. ஒரு சின்னச் சோதனை: −7 + 3, 5 − (−2), (−4) × (−6), 2/3 + 1/4. விடைகள் −4, 7, 24, 11/12. இதில் ஒன்று தப்பினாலும் அன்று இயற்கணிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு இதையே பழகுவது நல்லது. அந்த நேரம் வீணாகாது.

இன்னொன்று, (−3)² என்பது 9. −3² என்பது −9. எதிர்மறை எண்ணைப் பிரதியிடும்போதெல்லாம் அடைப்புக்குறி போடும் பழக்கம் வந்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

நோட்டில் ஒரு வரிக்கு ஒரு சமக்குறி மட்டும். வரிகளின் சமக்குறிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக வரட்டும். அழகுக்காகச் சொல்லவில்லை. எந்த வரியில் எது மாறியது என்று மேலிருந்து கீழே ஓடிப் பார்க்க அதுதான் வசதி. வடிவியலுக்குப் பென்சில், அளவுகோல், படத்துக்கு அரைப் பக்கம் இடம். மூலையில் சின்னதாகப் படம் போட்டால் நாலு கோணத்தைக் குறிப்பதற்குள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும்.

2. ஒரு மாறியில் சமன்பாடு: வரிசையை மாற்றாதீர்கள்

வரிசை இதுதான்: பின்னம் இருந்தால் முதலில் அதை நீக்குங்கள், அடுத்து அடைப்புக்குறியைப் பிரியுங்கள், ஒத்த உறுப்புகளைச் சேருங்கள், மாறியை ஒரு பக்கம் கொண்டுவாருங்கள், கடைசியாகக் கெழுவால் வகுங்கள்.

எடுத்துக்காட்டு: 3(2ய − 5) − 4(ய − 2) = 9

6ய − 15 − 4ய + 8 = 9
2ய − 7 = 9
2ய = 16
ய = 8

முதல் வரியில்தான் ஆபத்து. −4 அடைப்புக்குறிக்குள் இருக்கும் −2ஐயும் பெருக்க வேண்டும். அது +8 ஆகும். பலர் −8 என்று எழுதி ய = 16 என்று முடிப்பார்கள். அதை மூலச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் 3 × 27 − 4 × 14 = 25; வர வேண்டியது 9. ய = 8 போட்டால் 33 − 24 = 9, சரி. இந்தச் சரிபார்ப்பை எப்போதும் கேள்வியில் இருக்கும் முதல் வரியிலேயே செய்யுங்கள். நடுவரியில் போட்டுப் பார்த்தால், அதற்கு மேலே நடந்த தவறு தெரியாமலே போய்விடும்.

‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போடுபவர்கள் 2ய = 16இல் வந்து மாட்டிக்கொள்வார்கள்; ய = 16 − 2 என்று எழுதிவிடுவார்கள். நடப்பது என்னவென்றால், இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்கிறோம். 7ஐக் கழித்திருக்கிறது, அதனால் இருபக்கமும் 7ஐக் கூட்டுகிறோம். 2ஆல் பெருக்கியிருக்கிறது, அதனால் இருபக்கமும் 2ஆல் வகுக்கிறோம். கொஞ்ச நாளைக்கு வரியின் ஓரத்தில் ‘+7’, ‘÷2’ என்று எழுதிக்கொண்டே போடுங்கள்.

பின்னம் வந்தால்: (ய + 1)/2 − (ய − 3)/5 = 5

2, 5 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 10. ஒவ்வோர் உறுப்பையும் 10ஆல் பெருக்குங்கள், வலப்பக்கத்து 5 உட்பட.

5(ய + 1) − 2(ய − 3) = 50
5ய + 5 − 2ய + 6 = 50
3ய = 39
ய = 13

சரிபார்த்தால் 14/2 − 10/5 = 7 − 2 = 5. இங்கே தவறு வழக்கமாக இரண்டு இடத்தில் நடக்கும்: வலப்பக்கத்தைப் பெருக்க மறப்பது, இரண்டாம் தொகுதிக்கு அடைப்புக்குறி போடாமல் −2ய − 6 என்று எழுதுவது. பின்னக் கோடு தானே ஓர் அடைப்புக்குறி போலத்தான் வேலை செய்கிறது. கோட்டை எடுக்கும்போது அடைப்புக்குறியைப் போட்டே ஆக வேண்டும்.

3. வாக்கியக் கணக்கு: எண்ணைத் தொடும் முன் எழுத வேண்டியவை

அதிகம் பேர் பயப்படுவது இதற்குத்தான். பயத்துக்குக் காரணம் உண்டு: இங்கே கணக்கிடுவது சுலபம், சமன்பாட்டை உருவாக்குவதுதான் கடினம். ஆனால் பிள்ளைகள் கேள்வியின் முதல் வரியில் எண்ணைப் பார்த்ததுமே கூட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

கேள்வியைக் கடைசி வரியிலிருந்து படியுங்கள். என்ன கேட்கிறார்கள் என்பது அங்கேதான் இருக்கும். அப்புறம் முழு வாக்கியத்தில் எழுதுங்கள்: ‘மகனின் இப்போதைய வயது ய ஆண்டுகள் என்க’. வெறுமனே ‘ய = மகன்’ என்று எழுதினால், ய என்பது இப்போதைய வயதா, 6 ஆண்டுக்குப் பிந்தைய வயதா என்று பாதியில் நமக்கே மறந்துவிடும்.

கேள்வி: தந்தையின் வயது மகனின் வயதைப் போல் 4 மடங்கு. 6 ஆண்டுகளுக்குப் பின் 3 மடங்காக இருக்கும். இருவரின் இப்போதைய வயது என்ன?

சமன்பாட்டுக்கு முன் ஒரு சின்ன அட்டவணை:

இப்போது: மகன் ய, தந்தை 4ய
6 ஆண்டுகளுக்குப் பின்: மகன் ய + 6, தந்தை 4ய + 6

‘3 மடங்கு’ என்ற வாக்கியம் எந்த வரிசையைச் சேர்ந்தது? இரண்டாவது. ஆகவே 4ய + 6 = 3(ய + 6). பிரித்தால் 4ய + 6 = 3ய + 18, ய = 12. மகனுக்கு 12, தந்தைக்கு 48. ஆறு ஆண்டுக்குப் பின் 18, 54. மூன்று மடங்கு சரி.

அட்டவணை இல்லாமல் போடுபவர்கள் 4ய + 6 = 3ய என்று எழுதுவார்கள். மகனுக்கும் ஆறு வயது கூடும் என்பது விட்டுப்போகும். அல்லது 3ய + 6 என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதுவார்கள்; அப்படிப் போட்டால் ய = 0 வரும். அதைக்கூடக் கவனிக்காமல் விடையாக எழுதி வைப்பவர்கள் உண்டு. விடை வந்ததும் கேள்வியின் வாக்கியத்தில் எண்ணைப் பொருத்தி ஒருமுறை படித்துப் பாருங்கள். சமன்பாட்டில் பிரதியிட்டுச் சரிபார்ப்பது மட்டும் இங்கே போதாது, ஏனென்றால் சமன்பாடே தப்பாக இருக்கலாம்.

கழித்தல் வரும் வாக்கியத்தில் வரிசையைக் கவனியுங்கள். ‘ஓர் எண்ணிலிருந்து 5ஐக் கழிக்க’ என்றால் ய − 5. ‘5இலிருந்து ஓர் எண்ணைக் கழிக்க’ என்றால் 5 − ய. ‘இலிருந்து’ எதனோடு ஒட்டியிருக்கிறதோ அதுதான் முதலில் வரும்.

4. இரண்டு மாறிகள், இரண்டு சமன்பாடுகள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2ய + 3ர = 16, 5ய − 2ர = 2.

எந்த மாறியை நீக்குவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ர-இன் குறிகள் எதிரெதிராக இருப்பதால் அதை நீக்கினால் கூட்டினாலே போதும். கழிக்கும்போது வரும் குறித்தவறு இருக்காது. முதலாவதை 2ஆலும் இரண்டாவதை 3ஆலும் பெருக்குங்கள்: 4ய + 6ர = 32, 15ய − 6ர = 6. கூட்டினால் 19ய = 38, ய = 2. முதலாவதில் பிரதியிட்டால் ர = 4.

இப்போது சரிபார்ப்பு, பிரதியிடாத அந்த இன்னொரு சமன்பாட்டில்: 10 − 8 = 2, சரி. பிரதியிட்டதிலேயே சரிபார்த்தால் அது எப்படியும் சரியாகத்தான் வரும். ஒன்றும் தெரிய வராது.

5. இருபடிச் சமன்பாடு: முதலில் ஒரு பக்கம் பூச்சியம்

ய² − 5ய = 14 என்பதை ய(ய − 5) = 14 என்று எழுதி, ‘ய = 14 அல்லது ய − 5 = 14’ என்று முடிப்பது மிகப் பரவலான தவறு. இரண்டு எண்களின் பெருக்கற்பலன் 0 என்றால் ஒன்றாவது 0 ஆகத்தான் இருக்க வேண்டும். 14க்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. 2 × 7 கூட 14தான். அதனால் எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவருவது முதல் படி: ய² − 5ய − 14 = 0. பெருக்கினால் −14, கூட்டினால் −5 வரும் இரண்டு எண்கள் −7, 2. (ய − 7)(ய + 2) = 0; ய = 7 அல்லது −2.

மாறியால் வகுக்காதீர்கள். ய² = 6ய என்பதை இருபக்கமும் யஆல் வகுத்தால் ய = 6 மட்டும் கிடைக்கும்; ய = 0 என்ற தீர்வு தொலைந்துவிடும்.

காரணிப்படுத்த முடியுமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். ய-இன் கெழுவை வர்க்கமாக்கி, அதிலிருந்து ய²-இன் கெழு, மாறிலி இரண்டின் பெருக்கற்பலனைப் போல் 4 மடங்கைக் கழியுங்கள். இதுதான் தன்மைகாட்டி. கெழுக்கள் முழு எண்களாக இருந்து, இது முழு வர்க்கமாகவும் வந்தால் காரணி கிடைக்கும். 2ய² + 5ய − 3 = 0க்கு 25 + 24 = 49; ஆகவே (2ய − 1)(ய + 3) = 0. 2ய² + 3ய − 4 = 0க்கு 9 + 32 = 41; காரணி தேடுவதை விட்டுவிட்டு நேரே இருபடிச் சூத்திரத்துக்குப் போகலாம். பத்து நிமிடம் காரணி தேடிச் சலித்துப்போவதைவிட இது நல்லது.

வாக்கியக் கணக்கில் இரண்டு விடை வந்தால் பொருந்தாததை நீக்குங்கள். ஒரு செவ்வகத்தின் நீளம் அகலத்தைவிட 5 செ.மீ. அதிகம், பரப்பளவு 84 ச.செ.மீ. என்றால் ய² + 5ய − 84 = 0; ய = 7 அல்லது −12. அகலம் எதிர்மறையாக இருக்காது என்று ஒரு வரி எழுதிவிட்டு நீக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் விடை பாதிதான்.

(ய + 3)² என்பதை ய² + 9 என்று எழுதும் பழக்கம் பெரிய வகுப்புவரை தொடர்கிறது. சந்தேகம் வந்தால் ய = 1 போட்டுப் பாருங்கள்: 16க்கும் 10க்கும் ஒத்துவராது. நடுவில் 6ய வேண்டும். எந்த விரிவாக்கத்தையும் இப்படி ஒரு சின்ன எண்ணால் சோதிக்கலாம். ஆனால் 0 போடாதீர்கள். தவறான விரிவாக்கமும் 0இல் பல நேரம் ஒத்துப்போய்விடும்.

6. வடிவியல்: படம் போடுவதிலேயே பாதி வேலை

புத்தகத்தில் படம் இருந்தாலும் நோட்டில் நீங்களே போடுங்கள். போடும்போதுதான் எந்தக் கோடு எங்கே தொடங்குகிறது, எது நீட்டப்பட்டிருக்கிறது என்று மனதில் ஏறும்.

‘ஒரு முக்கோணம்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் மூன்று பக்கமும் வேறுவேறாகத் தெரியும்படி வரையுங்கள். சமபக்க முக்கோணம் போல வரைந்துவிட்டால், கேள்வியில் இல்லாத சமத்துவங்கள் கண்ணுக்குத் தெரியும். கை அவற்றை எழுதிவிடும். கொடுத்ததைப் பேனாவிலும், நீங்கள் கண்டுபிடித்ததைப் பென்சிலிலும் குறியுங்கள். எது தரப்பட்டது, எது நிறுவப்பட்டது என்ற பிரிவு கடைசிவரை தெளிவாக இருக்கும்.

7. கோணக் கணக்கு: சமமா, கூடுதல் 180°யா?

இரண்டு இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டுகிறது. இரண்டு கோணங்கள் (3ய + 10)°, (5ய − 30)°. ய என்ன?

இவை ஒன்றுவிட்ட கோணங்கள் என்றால் சமம்: 3ய + 10 = 5ய − 30, ய = 20, கோணம் 70°. குறுக்குவெட்டிக்கு ஒரே பக்கத்தில் இருக்கும் உட்கோணங்கள் என்றால் கூடுதல் 180°: 8ய − 20 = 180, ய = 25, கோணங்கள் 85°, 95°. எண்கள் அதேதான், கோணம் எங்கே இருக்கிறது என்பதை வைத்து விடை மாறுகிறது. புதிதாகப் படிப்பவர்கள் இடத்தைப் பார்க்காமல் சமக்குறி போட்டுவிடுகிறார்கள். அதனால் சமன்பாட்டுக்கு முந்தைய வரியில் கோண உறவின் பெயரை எழுதுங்கள்: ‘ஒன்றுவிட்ட கோணங்கள்’, ‘குத்தெதிர்க் கோணங்கள்’, ‘நேர்கோட்டில் அமைந்த கோணங்கள்’. பெயர் எழுத வரவில்லை என்றால் அந்த உறவு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம்.

8. செங்கோண முக்கோணமும் பரப்பளவும்

பித்தாகரஸ் தேற்றத்தில் முதல் வேலை கர்ணம் எது என்று குறிப்பது. செங்கோணத்துக்கு எதிரே இருப்பது. கர்ணம் 13, ஒரு பக்கம் 5 என்றால் மற்றது √(169 − 25) = 12. கர்ணத்தைக் குறிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் √194 வரும். அது ஏறக்குறைய 13.9. கர்ணத்தைவிடப் பெரிய பக்கம் அந்த முக்கோணத்தில் இருக்க முடியாது.

முக்கோணத்தின் பரப்பளவில் ‘உயரம்’ என்றால் அடிப்பக்கத்துக்குச் செங்குத்தான உயரம். பக்கங்கள் 13, 13, 10 செ.மீ. என்றால் ½ × 10 × 13 = 65 என்று எழுதுவார்கள். உச்சியிலிருந்து 10 செ.மீ. பக்கத்துக்குச் செங்குத்து வரையுங்கள். இருசமபக்க முக்கோணம் என்பதால் அது அடியை 5, 5 ஆகப் பிரிக்கும். உயரம் 12, பரப்பளவு 60 ச.செ.மீ.

அலகை மாற்றுவதாக இருந்தால் கணக்கிடும் முன்பே மாற்றுங்கள். 1 மீ. 100 செ.மீ. என்பதால் 1 ச.மீ.யும் 100 ச.செ.மீ. என்று எழுதுவது வழக்கமான சறுக்கல். அது 10,000 ச.செ.மீ.

9. வடிவொத்த முக்கோணங்கள்: எந்தப் பக்கத்துக்கு எந்தப் பக்கம்

முக்கோணம் கசதவில், கச மீது ப, கத மீது ம. பம, சதவுக்கு இணை. கப = 4, பச = 6, பம = 6. சத என்ன?

இங்கே 4/6 = 6/சத என்று எழுதி 9 என்று முடிப்பவர்கள் மிக அதிகம். முக்கோணங்கள் இரண்டும் கபம, கசத. சின்ன முக்கோணத்தின் பக்கம் கப; பெரியதில் அதற்கு ஒத்த பக்கம் கச, அதாவது 4 + 6 = 10. ஆகவே 4/10 = 6/சத, சத = 15. பச எந்த முக்கோணத்தின் பக்கமும் ஆகாது. அது ஒரு துண்டு மட்டுமே.

இரண்டு முக்கோணங்களையும் தனித்தனியாக, ஒரே திசை பார்த்தபடி வரைந்துகொண்டால் இந்தத் தவறு அநேகமாக மறைந்துவிடும். ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் படத்தில் பெரியவர்களுக்கே கண் ஏமாறும்.

10. நிறுவுதல்: கீழிருந்து யோசித்து, மேலிருந்து எழுதுங்கள்

கேள்வி: முக்கோணம் கசதவில் கச = கத. சதவின் மையப்புள்ளி ப. கப, சதவுக்குச் செங்குத்து என நிறுவுக.

யோசிப்பது கடைசியிலிருந்து. என்ன வேண்டும்? கோணம் கபச 90° என்று வேண்டும். கபச, கபத இரண்டும் ஒரு நேர்கோட்டில் இருப்பதால் கூடுதல் 180°. அவை சமம் என்று காட்டினால் போதும். சமம் என்று எப்போது சொல்லலாம்? முக்கோணங்கள் கபச, கபத சர்வசமம் என்றால். அதற்கு என்ன கையில் இருக்கிறது? இனி எழுதலாம்.

கச = கத (கொடுக்கப்பட்டது)
சப = தப (ப மையப்புள்ளி)
கப = கப (பொதுப் பக்கம்)
ஆகவே ப-ப-ப (பக்கம்-பக்கம்-பக்கம்) விதிப்படி முக்கோணம் கபச ≅ முக்கோணம் கபத
கோணம் கபச = கோணம் கபத (சர்வசம முக்கோணங்களின் ஒத்த கோணங்கள்)
இரண்டின் கூடுதல் 180° (நேர்கோட்டில் அமைந்த கோணங்கள்). எனவே ஒவ்வொன்றும் 90°

ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருப்பதைப் பாருங்கள். படத்தில் பவில் செங்கோணக் குறி போட்டுவிட்டு, ‘செ-க-ப (செங்கோணம்-கர்ணம்-பக்கம்) விதிப்படி’ என்று தொடங்குபவர்கள் உண்டு. நிறுவ வேண்டியதையே எடுத்துப் பயன்படுத்திவிட்டார்கள், மதிப்பெண் கிடைக்காது. நிறுவ வேண்டியதைப் படத்தில் குறிக்கவே வேண்டாம். ஓரத்தில் எழுதி வட்டம் போட்டு வையுங்கள்.

முனைகளின் வரிசையும் முக்கியம். கவுக்கு க, பவுக்கு ப, சவுக்கு த என்று ஒத்த முனைகள் ஒரே வரிசையில் வர வேண்டும். வரிசை சரியாக இருந்தால் எந்தக் கோணம் எதற்குச் சமம் என்பதைப் படத்தைப் பார்க்காமலே எடுத்துவிடலாம்.

மூன்று கோணமும் சமம் என்பது சர்வசமத்துக்குப் போதாது. வடிவொத்தவை என்று மட்டும் சொல்லலாம். இரண்டு பக்கமும், அவற்றுக்கு இடையில் வராத ஒரு கோணமும் சமம் என்பதும் பொதுவாகப் போதாது.

11. மாட்டிக்கொண்டால்

விடைப் பக்கத்தைத் திருப்பும் முன் மூன்று கேள்விகள். கொடுத்த தகவலில் இன்னும் பயன்படுத்தாதது எது? பாடப்புத்தகக் கணக்குகளில் உபரித் தகவல் குறைவு. விட்டுப்போன ஒன்றுதான் பெரும்பாலும் வழி. கடினமான எண்ணுக்குப் பதில் சின்ன எண் போட்டால் என்ன செய்வேன்? வடிவியல் என்றால், ஒரு கோடு சேர்த்தால் தெரிந்த முக்கோணம் ஏதாவது உருவாகிறதா?

அதன் பிறகும் வரவில்லை என்றால் தீர்வைப் பாருங்கள். முழுவதும் பார்க்காமல் அடுத்த ஒரு வரியை மட்டும். அந்த வரியிலிருந்து நீங்களே தொடருங்கள். முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அதே கணக்கை முதலிலிருந்து மறுபடி போடுங்கள். பார்த்துப் புரிந்ததும் தானாகப் போட வந்ததும் வேறுவேறு என்பது அப்போது தெரிந்துவிடும்.

பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர்களுக்கு: தவறான வரியைக் கண்டதும் அழித்துத் திருத்தாதீர்கள். ‘இந்த வரி எப்படிப்பா வந்தது?’ என்று கேளுங்கள். காரணத்தைச் சொல்லத் தொடங்கும்போதே பாதிப் பேர் தவறைத் தாங்களே பிடித்துவிடுவார்கள். சரியான வரிக்கும் இடையிடையே அதே கேள்வியைக் கேளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கேட்டாலே தப்பு என்று புரிந்துகொண்டு, யோசிக்காமல் அழித்துவிடுவார்கள்.